காற்று வருகிற பக்கம்

நவம்பர் 3

சேசு மரி சூசை துணை.

கர்வாலோ முதலாளி அனுப்பிய பலகை இன்று வந்தது. ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற நீளம். கூடவே லின்சீட் எண்ணெய் இரண்டு போத்தல், டர்பென்டைன் ஒன்று, வெள்ளை, நீலம், மஞ்சள் டியூப்கள். எல்லாம் எண்ணி வாங்கி அலமாரியில் வைத்தேன். நீலத்தில் ஒன்று மூடி உடைந்திருந்தது, கணக்கப்பிள்ளையிடம் அப்போதே காட்டிவிட்டேன்.

முதலாளியின் புது வீடு டிசம்பர் எட்டாம் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று மந்திரிப்பு, சாமியார் வந்து வீட்டை ஆசீர்வதிப்பார். நடு ஹாலில் மாட்ட அவருடைய தோணி ‘செசிலியம்மாள்’ படம் வேண்டும். செசிலியம்மாள் அவருடைய தாயார் பெயர்.

தூத்துக்குடியில் தோணி வரைய என் வீட்டுக்காரரை, அவுகளை, விட்டால் ஆள் இல்லை என்று நான் சொன்னால் பெருமை என்பார்கள். ஆனால் அவுக வரைகிற கடலில் அவுகளே தண்டலாக, அதாவது தலைவராகத் தோணி ஓட்டியவர்கள். பாய் தூக்குகிற கட்டை விழுந்து இடுப்பு போன பிறகுதான் தூரிகையைப் பிடித்தாக. இப்போதும் பலகை முன்னால் உட்கார்ந்தால் முதல் கேள்வி, "காத்து எங்கன இருந்து வருது?" அதைத் தீர்மானிக்காமல் ஒரு கோடு போட மாட்டாக. "காத்து தெரியாம பாய் வரைஞ்சா அது பாய் இல்ல, கொடியில காயுத வேட்டி" என்பாக.

மாப்பிள்ளை தோபியாஸ் இதே செசிலியம்மாளில்தான் நாளை மறுநாள் கொழும்புக்குப் போகிறார். வெங்காயமும் வத்தலும் ஏற்றுமதி. எங்கள் மகள் ரொசாலிக்கு டிசம்பரில் நாள். அவளைப் பேறுகாலத்துக்கு நான் கூட்டி வந்துவிட்டேன்.

நவம்பர் 5

தோணி போய்விட்டது. கடற்கரையில் நின்று ஒரு செபமாலை முடிப்பதற்குள் பாய் சின்னதாகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பிலோமியும் என்னோடு நின்றாள். அவள் புருஷன் மிக்கேல் அந்தத் தோணியில் பண்டாரி, அதாவது எல்லோருக்கும் சோறு பொங்குகிறவர். போகும்போது என்னிடம் எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி வாங்கிப்போனார். "மைனி, எங்க அவுக கடல்ல பொங்குதது ஒன்பது பேருக்கு, வீட்டுல ஒரு வெந்நி வைக்கத் தெரியாது" என்று பிலோமி சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தாள். வெறும் கரிக்கோடுதான். நடுவில் தோணி, வலது ஓரத்தில் சூரியன் உதிக்கிறது, தோணியின் மேல்தட்டில் ஒன்பது புள்ளிகள்.

"இதுல எங்க அவுக எங்க நிக்காக, அண்ணே?"

"அந்தா, அடுப்புப் பெட்டிக்கிட்ட. புகை வரும் பாரு, பெறகு வரைவேன்."

"குனிஞ்சுல்லா நிக்காக."

"பண்டாரி நிமிந்து நின்னா கஞ்சி பொங்கி வழிஞ்சிரும் தாயி."

அவளுக்கு அந்தப் புள்ளியை விட்டுப் போக மனசில்லை.

நவம்பர் 10

முதலாளி வந்தார். காபி கொடுத்தேன், சீனி குறைவாகப் போட்டேன், அவருக்குச் சர்க்கரை.

படத்தில் கடலும் வானமும் பாதி ஏறிவிட்டன. பாய் மூன்றும் இடது பக்கம் புடைத்து நிற்கின்றன. வலது ஓரத்தில், சூரியனுக்குக் கீழே, விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அது கரை. அவுக எந்தப் படம் வரைந்தாலும் எங்காவது ஒரு கரை இருக்கும். முதலாளியின் கண் நேரே அங்கேதான் போனது.

"என்னவே தண்டலே, என் தோணி உப்பளத்துல நிக்குதா? கரை தெரியுத தூரத்துல சின்ன வள்ளம் போவும்வே. எனக்கு நடுக்கடல் வேணும். சுத்தித் தண்ணி, நடுவுல எங்கம்மா பேரு."

"கரை இல்லாம நான் வரையது இல்ல முதலாளி."

"அது என்ன, நேர்ச்சையா?"

"பழக்கம்."

"பழக்கத்த மாத்தும்." செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "உம்ம மருமவன் நல்லாத்தான் வேலை செய்யுதான்னு தோணித் தண்டல் சொல்லுதாரு. அடுத்த வருசம் அவனைத் தூக்கி விடலாம்னு நினைக்கேன். பாப்போம்."

அந்தப் ‘பாப்போம்’ என்பது இரண்டு பக்கமும் திரும்புகிற சொல். வேலை தெரியாதவன் என்று எல்லாத் தோணியிலும் திருப்பி அனுப்பிய பையனை ஏற்றிக்கொண்டவர் இவர்தான். ஏற்றியவருக்கு இறக்கவும் தெரியும்.

நவம்பர் 11

கரையை எடுத்துவிடச் சொல்லி காலையில் அவுகளிடம் சொன்னேன். தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாக. மத்தியானம் மறுபடி சொன்னேன். "கரை அதுபாட்டுக்கு அங்கன கிடக்கட்டும்ளா" என்றுவிட்டுக் குளிக்கப் போனாக.

டர்பென்டைன் தொட்ட பழந்துணியால் ஒரே இழுப்பு. பழுப்பு முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. பெயிண்ட் காயாததால் சிரமம் இல்லை.

அவுக தலை துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாக.

"நீயா?"

"ஆமா."

"சரி."

சாப்பிட்டாக. அயிலைக் குழம்பு, இரண்டு தடவை வாங்கினாக. கோபம் என்றால் இரண்டு தடவை வாங்குவாகளா? சாயந்தரம் அந்த இடத்தில் மேகம் போட்டு மூடிவிட்டாக.

நவம்பர் 14, ஞாயிறு

கொழும்பில் சரக்கு இறக்கியாயிற்று என்று முதலாளி ஆபீசுக்குத் தந்தி. பதினேழாம் தேதி புறப்படுகிறார்கள். ஆத்துமாக்கள் மாதம், கல்லறைக்கு ஆறு மெழுகுவர்த்தி.

நவம்பர் 18

ரொசாலிக்குக் கால் வீக்கம். உளுந்தங்கஞ்சி வைத்தேன். துணி காயவில்லை. துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாகப் பால்காரர் சொன்னார். கார்த்திகை மாதத்தில் கூண்டு ஏறுவதும் இறங்குவதும் எங்களுக்குப் புதிதல்ல.

அவுக வாசலில் நின்று மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாக. நான் கூப்பிட்டது கேட்கவில்லை.

நவம்பர் 20

காற்று. பின்பக்கத்து ஓடு பத்துக்கு மேல் போய்விட்டது. முருங்கை முறிந்து கிணற்றுக்குள் விழுந்தது. ரேடியோ கொரகொரவென்கிறது. செபமாலை நான்கு சொன்னோம். அவுக எங்களோடு முழங்காலில் இருக்கவில்லை. ஜன்னல் கதவின் இடுக்கில் கையை வைத்து, "வாடை. இன்னும் வாடைதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாக.

நவம்பர் 22

வெயில் அடிக்கிறது. ஒன்றுமே நடக்காதது போல.

கொழும்பிலிருந்து கூடப் புறப்பட்ட இரண்டு தோணிகள் வந்துவிட்டன. ஒன்றுக்குப் பாய்மரம் இல்லை. செசிலியம்மாளை இரண்டாம் நாள் அந்தியில் தூரத்தில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். பிறகு மழை மறைத்துவிட்டதாம்.

அவுக துறைமுகத்திலிருந்து வந்து, படத்தைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாக. ரொசாலியிடம், "தோணி கொழும்புலேயே நிக்கு, காத்து அடங்கின பெறகு வரும்" என்று சொல்லிவிட்டோம். அவள் "சரிப்பா" என்றாள். சந்தேகம் ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டாள்.

ஓட்டுக்கு ஆள் சொல்லி விட்டேன்.

நவம்பர் 24

பிலோமி தினமும் செபமாலைக்கு வருகிறாள். கடைசியில் அவளும் நானும் பேசுவது ரொசாலிக்குக் கேட்காமல் இருக்க வாளியை உருட்டுகிறோம், அம்மியை இழுக்கிறோம்.

"மைனி, அந்தப் படத்த ஏன் திருப்பிப் போட்டிருக்காக?"

"தூசி விழுதுன்னு."

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கரையைத் துடைத்ததைச் சொன்னேன். சாமியார் திருப்பிக் கேட்டார்.

"படத்துல கரைய அழிச்சதுக்காகக் கடவுள் புயல் அனுப்புவாரா அம்மா? அப்படி நம்புததுதான் பாவம்."

"அப்ப நான் நம்பல சாமி."

மூன்று அருள் நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார். நம்பவில்லை என்று சொன்னது பொய். அதை அடுத்த தடவைதான் சொல்ல முடியும்.

நவம்பர் 25

அரிசி அளந்தேன். மறந்து மாப்பிள்ளைக்கும் சேர்த்து அளந்துவிட்டேன். திருப்பிக் கொட்டவில்லை.

நவம்பர் 27

அவுக முதலாளி ஆபீசுக்குப் போன நேரம் படத்தை நம் பக்கம் திருப்பினேன். தூசி தட்டத்தான் திருப்பினேன்.

வலது ஓரத்தில், சூரியனுக்குக் கீழே, மேகம் கருமையாகக் காய்ந்துவிட்டது. அதன் மேல் எதையும் வைக்க எனக்குத் தெரியாது. இடது பக்கம் நீலம் மட்டும் இருந்தது, வெறுமையாக. யோசித்துப் பார்த்தேன். சூரியன் வலது பக்கம் உதிக்கிறது என்றால் அது கிழக்கு. நம் ஊர் மேற்கே, அப்படியானால் இடது பக்கம்தான். தோணி வீட்டுக்கு வரவேண்டிய பக்கமும் அதுதான்.

சின்னத் தூரிகையை எடுத்தேன். பழுப்பும் கொஞ்சம் மஞ்சளும். வீட்டு வேலை செய்த கை, தூரிகை பிடித்துப் பழக்கமில்லை. கோடு நேராக வரவில்லை, நடுவில் பள்ளமும் மேடுமாகப் போய்விட்டது. அதன் மேல் வெள்ளையில் ஒரு பொட்டு. அது மாதா கோயில். நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலும் தெரியட்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

தூரிகையைக் கழுவிவிட்டேன். படத்தை மறுபடி திருப்பி வைத்துவிட்டேன். இதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை. அழித்ததைத் திரும்ப வைப்பது நியாயம், அவ்வளவுதான்.

நவம்பர் 28, ஞாயிறு

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. பூசையிலிருந்து வந்ததும் அவுக படத்தைத் திருப்பினாக. எதற்கென்று தெரியாது.

"இது யாரு?"

"நான்."

திட்டுவாக என்று நின்றேன். திட்டவில்லை. முகம் வெளிறிப் போயிற்று. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாக.

"தெக்லா, பாயைப் பாரு. காத்து எங்கன இருந்து வருது?"

பாய்கள் இடது பக்கம் புடைத்திருந்தன. "வலது பக்கமிருந்து."

"அப்ப தோணிய எங்க தள்ளும்?"

"இடது பக்கம். கரைக்கு."

சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தானே நான் விரும்பினேன்?

"பாய் கிழிஞ்சு, சுக்கான் சொன்ன பேச்சுக் கேக்காம வருத தோணிக்கு, காத்து தள்ளுத பக்கம் இருந்தா அது கரை இல்லளா. அது பாறை. நடுக்கடல்ல கிடந்தாக்கூட நாலு நாள் மிதந்து தப்பிச்சிரும். காத்தும் கரையும் சேந்துக்கிட்டா தப்பவே முடியாது."

"நீங்க எல்லாப் படத்துலயும் கரை வச்சிய!"

"எந்தப் பக்கம் வச்சேன்? காத்து வருத பக்கம். எப்பவும் காத்து வருத பக்கம்."

இத்தனை வருஷம் ஒவ்வொரு படத்துக்கும் சட்டம் துடைத்திருக்கிறேன். கரை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஓடிப்போய்த் துணியையும் டர்பென்டைனையும் எடுத்து வந்தேன். படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாக.

"ஒரு தடவ துடைச்சது போதும்."

நவம்பர் 30

அவுக காலையிலிருந்து கத்தியை வைத்துப் பாயைச் சுரண்டுகிறாக. இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்த பாய். தரையெல்லாம் வெள்ளைச் செதில்.

புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. பிலோமியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயத்துக்கு என் பயமும் சேரும்.

முதலாளி ஆபீசில் இன்றும் செய்தி இல்லை. "கடல் பெருசுவே" என்றாராம் முதலாளி. படத்துக்கு நடுக்கடல் கேட்டவர்.

டிசம்பர் 1

இப்போது அலைகளை மாற்றுகிறாக. ஒவ்வொரு அலைக்கும் நுரை எந்தப் பக்கம் சரியுமோ அதைத் துடைத்து எதிர்ப்பக்கம் வைக்கிறாக. தோணியின் சாய்வைக்கூட மாற்றிவிட்டாக. சோறு கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

டிசம்பர் 2

கொடியைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

பாய்மரத்தின் உச்சியில் சின்னச் சிவப்புக் கொடி, முன்பு இடது பக்கம் பறந்தது. இன்று வலது பக்கம் பறக்கிறது. பாய்களும் வலது பக்கம் புடைத்திருக்கின்றன. மிக்கேல் பண்டாரியின் அடுப்புப் புகையும் வலது பக்கம் சாய்ந்து போகிறது.

"காத்தையா திருப்பிட்டிய?"

"கரை அங்கனதான்னு நீ சொல்லிட்டியே. பெறகு வேற என்ன செய்ய?"

என் கோணல் கோட்டை அப்படியே விட்டிருந்தாக. மாதா கோயில் பொட்டும் அப்படியே. அதைச் சுற்றித்தான் கடல் முழுவதையும் மாற்றியிருக்கிறாக. இப்போது காற்று கரையிலிருந்து வருகிறது. கரை தோணிக்குக் காவலாக நிற்கிறது.

அடுப்பில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது.

டிசம்பர் 3

ரொசாலிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். மாதாவுக்குத் தோத்திரம். ஆஸ்பத்திரியில் நர்சுக்கு இனிப்பு, ஆயாவுக்குச் சேலை.

குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு ரொசாலி சொன்னாள்: "எம்மா, பேரு இப்ப வைக்க வேண்டாம். அவுக வந்து வைக்கட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "வராட்டா நான் வைக்கேன்" என்றாள்.

"என்னட்டி பேசுத?"

"அப்பா படத்தைத் திருப்பிப் போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்மா. நீங்க ரெண்டு பேரும் வாளிய உருட்டுத சத்தம் தெருவுக்கே கேக்கு. நான் நல்லாச் சாப்பிட்டா உங்களுக்கு நிம்மதியா இருக்குமேன்னு சாப்பிட்டேன்."

டிசம்பர் 6

மாலத்தீவிலிருந்து முதலாளி ஆபீசுக்குத் தந்தி. கணக்கப்பிள்ளை சைக்கிளில் வந்து வாசலிலேயே படித்தார். செசிலியம்மாள் ஒரு தீவில் தட்டி உடைந்துவிட்டது. எட்டுப் பேர் பத்திரம்.

போனது ஒன்பது பேர்.

"பேரு போடலியா?"

"போடல அம்மா. கேட்டுத் தந்தி குடுத்திருக்கோம்."

அவுக உள்ளே போய்ப் படத்தின் முன்னால் நின்றாக. ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்து எண்ணினாக. எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாக.

டிசம்பர் 7

பிலோமி வந்தாள். முழங்காலில் இருந்தோம். வழக்கமாக நான் தொடங்க அவள் முடிப்பாள். பரலோக மந்திரத்தில் ‘உம்முடைய சித்தம்’ என்ற இடம் வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. அங்கேயே இருவரும் நின்றோம்.

நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். ஒன்பதில் எட்டு போக ஒன்று. அது மாப்பிள்ளையாக இருக்கக் கூடாது என்றால் வேறு யாராகவோ இருக்க வேண்டும். அந்த வேறு யாரோ ஒருத்தரின் பெண்டாட்டி என் தோளில் தோள் உரச முழங்காலில் இருந்தாள். அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். என்னுடையதும் அவளுக்குத் தெரியும்.

எழுந்திருக்கும்போது நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன். அவள் என் முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டிசம்பர் 8

திருநாள். முதலாளி வீட்டு மந்திரிப்பைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

பூசைக்குப் பிறகு பிலோமி குழந்தையைக் குளிப்பாட்ட வந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வெந்நீரை விளாவிக்கொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளை வந்தார். சைக்கிளைச் சாய்த்தார். எப்போதும் வாசலிலேயே நின்று பேசுகிறவர், இன்று செருப்பைக் கழற்றினார்.

பிலோமி கையை நிறுத்தவில்லை. குழந்தையின் தலையைப் பிடித்தபடியே கேட்டாள்:

"யாரு வீட்டுக்கு வந்திய, அய்யா?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "உங்க வீட்டுக்குத்தான் போனேன் பிலோமி. பூட்டிக் கிடந்துது" என்றார்.

அவள் ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக் குழந்தையின் கண்ணில் படாமல் கையால் மறைத்து ஊற்றினாள். காதைத் துடைத்தாள். துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

"மைனி, பிடிச்சுக்கோங்க."

அப்புறம்தான் கத்தினாள்.

டிசம்பர் 9

தேவனுக்குத் தோத்திரம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார். எழுத வேண்டிய வார்த்தைதான்.

எழுதவில்லை.

டிசம்பர் 15

முதலாளி வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். ஒரு காலத்தில் அவரும் தோணியில் போனவர்தான், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"சூரியன் கிழக்க உதிக்குது. காத்து மேக்க இருந்து வருது. கார்த்திகையில கச்சான் எங்கவே அடிக்கும்?"

"அடிக்காது முதலாளி. நான்தான் அடிக்க வச்சேன்."

"வேண்டாம்னு சொன்ன கரையும் மறுபடி வந்திருக்கு. கோணலா வேற."

"அது அழியாது. அங்கனதான் இருக்கும்."

"உடைஞ்ச தோணிய நடுவீட்டுல மாட்டச் சொல்லுதீராக்கும்." வாசல் வரை போய்த் திரும்பி நின்றார். குரல் இறங்கியிருந்தது. "எங்கம்மா பேரு வச்ச தோணிவே அது."

பலகைக்கும் பெயிண்டுக்கும் அவர் திருப்பிக் கேட்கவில்லை. நாங்களும் கூலி கேட்கவில்லை. கணக்கு நோட்டில் அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு மூடிவிட்டேன்.

டிசம்பர் 21

மாப்பிள்ளை வந்துவிட்டார். மற்ற ஏழு பேரும் வந்தார்கள். தோல் கருகி, உதடு வெடித்து, கண் மட்டும் பெரிதாக. குழந்தையைத் தொடப் பயந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளையே சொன்னார்.

"பாய்மரத்த வெட்டிவிட்டோம் மாமா. பெறகு காத்து தள்ளுன பக்கம்தான். மிக்கேல் அண்ணன்தான் எங்களக் காப்பாத்துனாரு. அந்த ஆட்டத்துலயும் அடுப்பக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒரு வேளைக்கு ஒரு கை கஞ்சி. கடைசி அரிசி தீந்த பெறகு அத்தை குடுத்த ஊறுகாய நக்கிக்கிட்டுக் கிடந்தோம். ஒரு நாள் சாயந்தரம் பெரிய அலை ஒண்ணு அடுப்புப் பெட்டியத் தூக்குச்சு. அண்ணன் அத விடல."

மறுபடி போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"மறுநாள் காலம்பற தென்னை தெரிஞ்சுது. காத்து அடிக்காத மறைவுப் பக்கம் சுத்திப் போவ முடியல, நேராத் தட்டுச்சு. தோணி ரெண்டாப் போச்சு. நாங்க இடுப்பளவு தண்ணியில எறங்கி நடந்தோம். ஒரு நாள் மாமா. ஒரே ஒரு நாள் முந்தி அந்தத் தீவு வந்திருந்தா."

அவுக எழுந்து மாப்பிள்ளையின் தலையில் கையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாக.

காற்று தள்ளிய பக்கம் இருந்த கரைதான் தோணியை உடைத்தது. அதுதான் இவர்களை இறக்கியும் விட்டது. இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. சாமியாரிடம் கேட்டால் மூன்று அருள் நிறை மந்திரம் கொடுப்பார்.

குழந்தைக்கு மரிய மிக்கேலா என்று பெயர். மாப்பிள்ளை வைத்தது. நான் போய்ப் பிலோமியிடம் சொல்ல வேண்டும். இன்று போகவில்லை.

டிசம்பர் 23

போனேன். பெயரைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்தப் படம் முதலாளி கொண்டு போயிட்டாகளா?" என்றாள்.

"இல்ல. வேண்டாம்னுட்டாரு."

என் கூடவே எழுந்து வந்தாள். படம் வெளிச்சத்தைப் பார்க்க இருந்தது. அவுக ஸ்டூலை விட்டு எழுந்து ஒதுங்கி நின்றாக. பிலோமி குனிந்து, அடுப்புப் பெட்டியைத் தேடினாள். அந்தப் புள்ளி அங்கேயே இருந்தது, குனிந்தபடி, புகைக்குப் பக்கத்தில்.

"எடுத்திருப்பியளோன்னு பயந்தேன் அண்ணே."

"ஒருத்தரையும் எடுக்கலம்மா. ஒன்பது பேரும் இருக்காக."

அவள் விரல் அந்தப் புள்ளியிலிருந்து நகர்ந்தது. பாயைத் தாண்டி, அலையைத் தாண்டி, மெல்ல மெல்ல இடது பக்கம் போய் என் கோட்டில் நின்றது.

"இது நீங்க வரைஞ்சது இல்லியே."

"நான்தான் பிலோமி" என்றேன். "தூரிகை பிடிச்சுப் பழக்கமில்ல. பள்ளமும் மேடுமா கோணிப் போச்சு."

அவள் அதைத் தடவிப் பார்த்தாள். பெயிண்ட் காய்ந்துவிட்டது.

"இத நான் எடுத்துக்கிடட்டா மைனி?"

அவுக என்னைப் பார்த்தாக. நான் தலையாட்டினேன். அவுக ஒரு முனையும் மாப்பிள்ளை ஒரு முனையும் பிடித்துத் தூக்கினார்கள். வாசலில் திருப்பும்போது பிலோமி மறுபடி என் கோட்டைப் பார்த்தாள்.

"கோணலா இருந்தா என்ன மைனி," என்றாள். "எறங்குததுக்கு அது போதும்."